நான்கெழுத்து, எட்டு ஒலி: ஆங்கிலச் சொல்லட்டைப் பலகை செய்முறை

ஓ, யூ, ஜி, எச். இந்த நான்கும் இதே வரிசையில் ஒட்டிக்கொண்டு வரும் ஆங்கிலச் சொற்களைப் பிள்ளைகளிடம் வாசிக்கக் கொடுத்துப் பாருங்கள். முன்னால் சி நின்றால் காஃப், இருமல். ஆர் நின்றால் ரஃப், சொரசொரப்பு. பி நின்றால் பவ், மரக்கிளை. எழுத்து மாறவில்லை, ஒலி மட்டும் ஒவ்வொரு தடவையும் வேறு வீட்டுக்குக் குடிபோகிறது.

மலேசியாவில் சுங்கை சிப்புட் மாதிரியான தோட்டப்புற ஊரில் தமிழ்ப்பள்ளிக்குப் போகும் பிள்ளைக்கு இது கூடுதல் பாரம். தமிழை எழுதியபடி வாசித்தால் வேலை முடிந்தது. மலாயும் ஏறக்குறைய அப்படித்தான்: 1972-இல் மலேசியாவும் இந்தோனேசியாவும் பொதுவான எழுத்துமுறைக்கு வந்தன, ஆங்கிலத்திலிருந்து வாங்கிய பஸ், டாக்சி, சயின்ஸ் போன்ற சொற்களையும் மலாய் தன் காதுக்குக் கேட்டபடி எழுத்தைத் திருத்தித்தான் சேர்த்துக்கொண்டது. இரண்டு மொழியிலும் 'கேட்டதை எழுது' என்று பழகிய பிள்ளை, போதும் என்ற பொருள்தரும் இனஃப் சொல்லை இ, என், யூ, எஃப் என்று நான்கே எழுத்தில் முடித்துவிடும். அது அறியாமை இல்லை. தெரிந்த இரண்டு மொழியின் சட்டத்தை மூன்றாவது மொழிக்கும் நேர்மையாகப் போட்டுப் பார்க்கிறது. ஆகவே சிவப்பு மையில் சுழித்துவிட்டால் போதாது. இந்த எழுத்துக் கூட்டத்துக்கென்று தனி ஏற்பாடு வேண்டும்.

கோயில் மண்டபத்தில் நடக்கும் ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்காகச் செய்த சொல்லட்டைப் பலகை அப்படிப்பட்ட ஏற்பாடுதான். கடையில் கிடைக்கும் சுவர்ப்படங்கள் ஒரே எழுத்துள்ள சொற்களை ஒரே கட்டத்தில் போட்டு, பொதுவான எழுத்துகளைச் சிவப்பாக்கிக் காட்டும். இந்தக் கூட்டத்துக்கு அது நேர் எதிரான வேலையைச் செய்யும். கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவதுதான் இங்கே நோயே. அதனால் இந்தப் பலகையில் சொற்கள் எழுத்தால் சேர்வதில்லை, ஒலியால் பிரிகின்றன.

என்னென்ன சொற்கள்

24 சொல்லட்டைகள். அதற்கு மேல் போனால் பிள்ளைகள் எங்கும் சந்திக்காத சொற்கள் உள்ளே வரத் தொடங்கும். பிரிட்டிஷ் உச்சரிப்பை வைத்துத்தான் பிரித்திருக்கிறோம், நம் பள்ளிகளில் அதுதானே நடைமுறை.

ஊ ஒலியில் ஒன்றே ஒன்று: த்ரூ, ஊடாக. ஓ ஒலியில் மூன்று: தோ, ஆல்தோ (இரண்டும் 'என்றாலும்'), டோ (பிசைந்த மாவு). அவ் ஒலியில் பவ் (கிளை), பிளவ் (ஏர்), டிரவ்ட் (வறட்சி). அஃப் ஒலியில் ரஃப், டஃப் (கடினம்), இனஃப். ஒஃப் ஒலியில் காஃப், டிராஃப் (மாட்டுக்குத் தீனி போடும் நீளத் தொட்டி). கடைசி அசை மங்கி 'அ' என்று முடிவன இரண்டு: தரா (முழுமையான), பரா (நகரப் பிரிவு, லண்டனில் 32, நியூயார்க்கில் 5). விக்கல் என்ற ஹிக்கப் தனிக்கட்டை.

மிச்சமுள்ளதுதான் பெரிய கூட்டம். நான்கெழுத்துக்குப் பின் டேபிளின் டி வந்து நிற்கும் எட்டுச் சொற்கள்: பாட் (வாங்கினேன்), பிராட் (கொண்டுவந்தேன்), ஃபாட் (சண்டையிட்டேன்), தாட் (நினைத்தேன்), சாட் (தேடினேன்), ஆட் (வேண்டும் என்ற கடமைப் பொருள்), நாட் (சுழியம்), ராட் (வேலைப்பாடு செய்த, கோயில் கேட்டின் இரும்பு வேலையைச் சொல்லும் சொல்லில் வருவது). இந்த மொத்தக் கூட்டத்திலும் நம்பத்தக்க விதி ஒன்றுதான்: பின்னால் டி வந்தால் ஒலி ஒன்றே. விலக்கு வறட்சி. டிரவ்ட்டுக்கும் பின்னால் டி இருக்கிறது, ஆனால் அது அவ் வீட்டுப் பிள்ளை. முதல் சுற்றில் எல்லாரும் அதை இந்த எட்டோடுதான் சேர்ப்பார்கள். சேர்க்கட்டும், பிறகு வாய்விட்டுச் சொல்ல வைத்து அவர்களே எடுத்து மாற்ற வேண்டும்.

இதுவரை 23. இருபத்துநான்காவது, முன்னால் எஸ்-எல் நிற்கும் சொல். பாம்பு சட்டை உரிக்கும்போது ஸ்லஃப். சேற்று நிலம் என்றால் ஸ்லவ். லண்டனுக்கு மேற்கே அதே எழுத்தில் ஓர் ஊர் உண்டு, அதுவும் ஸ்லவ்தான். இந்த அட்டைக்கு இரண்டு முகம்: ஒரு பக்கம் பாம்புச் சட்டைப் படம், மறுபக்கம் சேற்று நிலம். திருப்பினால் வேறு வரிசைக்குப் போகும். பிள்ளைகள் அதிகம் கேட்டு வாங்கும் அட்டை இதுதான்.

அயர்லாந்தில் ஏரியைக் குறிக்கும் சொல்லும் இந்தக் கூட்டத்தில் உண்டு, அது ஒன்பதாவது ஒலி. பாடப்புத்தகத்தில் வராது என்பதால் விட்டாயிற்று. ஆனால் இங்கிலாந்தில் லஃப்பரா என்ற ஊர்ப் பெயரைக் கட்டாயம் கரும்பலகையில் எழுதிக் காட்டுங்கள். அதே நான்கெழுத்து ஒரே பெயரில் இரண்டு தடவை வருகிறது. முதலாவது அஃப், இரண்டாவது அ. பத்து நிமிட விளக்கத்தை அந்த ஒரு பெயர் மிச்சப்படுத்தும்.

தலைப்பு அட்டையில் எதை எழுதுவது

வரிசைக்கு ஒரு தலைப்பு என எட்டு வேண்டும். தமிழில் ஊ, ஓ, அவ் என்று எழுதிவிடலாம் என்றுதான் யாருக்கும் முதலில் தோன்றும். மூன்று நான்கு வரிசைக்கு அது சரிவரும். வாங்கினேன் வரிசையில் மாட்டிக்கொள்ளும். அந்த உயிரொலி நம் ஆ-வும் இல்லை, ஓ-வும் இல்லை, இரண்டுக்கும் நடுவில் வாயைக் குவித்துச் சொல்வது. 'ஆட்' என்று எழுதினால் பாட்டுக்கு முன்பாதி மாதிரி இழுப்பார்கள். 'ஓட்' என்று எழுதினால் வாங்கினேன் படகாகிவிடும்.

ஆகவே தலைப்பில் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே வாயில் பழகிய ஆங்கிலச் சொல்லைப் போடுவதே நல்லது. ஊ-வுக்கு மிருகக்காட்சிசாலை, சூ. ஓ-வுக்கு போ என்ற பொருள்தரும் கோ. அவ்-வுக்குப் பசு, கவ். அஃப்-புக்குக் கறி பஃப்பின் பஃப். ஒஃப்-புக்கு விளக்கை அணைக்கும் ஆஃப். மங்கும் அ-வுக்கு எக்ஸ்ட்ரா. விக்கலுக்கு மேலே என்ற அப். அந்தச் சிக்கலான எட்டுக்கு? துறைமுகம் என்ற பொருள்தரும், போர்ட் கிள்ளானின் போர்ட். நம் ஊர்ப் பேச்சில் அதன் ஆர் ஒலிப்பதில்லை. வாங்கினேன் என்பதற்கும் அதற்கும் முதலெழுத்து மட்டும்தான் வேறு. இரண்டையும் அடுத்தடுத்துச் சொன்னால் மீதி ஒலி ஒன்றாகவே கேட்கும். இதைவிடப் பொருத்தமான தலைப்பு வராது.

தலைப்பு அட்டைகளுக்கு மஞ்சள் மணிலா அட்டை, சொல்லட்டைகளுக்கு வெள்ளை. கைக்குக் கிடைக்கும்போதே எது எது என்று தெரிந்துவிடும்.

அச்சும் வெட்டும்

அட்டையின் அளவு 95 மி.மீ. அகலம், 65 மி.மீ. உயரம். இந்த அளவில் ஏ4 லேமினேட் உறை ஒன்றில் இரண்டு நிரலாக நான்கு நான்கு, ஆக எட்டு அட்டை அடங்கும். 24-உம் 8-உம் சேர்ந்து 32. நான்கு உறை போதும். கெட்டுப்போவதற்கு இரண்டு உறை கூடுதலாக வாங்கி வையுங்கள்.

எழுத்துரு முக்கியம். பல எழுத்துருக்களில் ஏ-யும் ஜி-யும் அச்சுக்கென்று வேறு வடிவம் எடுத்திருக்கும், பிள்ளை கையால் எழுதும் வடிவம் அதில்லை. வாசிக்கப் பழகுவோருக்கென்றே செய்த ஆண்டிகா இலவசமாகக் கிடைக்கிறது, அதைப் போடுங்கள். இல்லாவிட்டால் காமிக் சான்ஸ். அளவு 48. 60 வைத்தால் சின்னச் சொற்கள் அழகாகத்தான் இருக்கும், ஆனால் ஆல்தோ, தரா, ஹிக்கப் மூன்றுக்கும் எட்டெட்டு எழுத்து. அட்டை விளிம்பை இடிக்கும். அவற்றை மட்டும் சிறிதாக்கக் கூடாது. அளவு மாறினால் பிள்ளைகள் எழுத்தைப் பார்க்காமல் அளவைப் பார்த்து அட்டையை அடையாளம் வைத்துக்கொள்வார்கள்.

பொதுவான நான்கெழுத்தை மங்கலாகவும் மற்ற எழுத்தைக் கறுப்பாகவும் போட வேண்டும். கண் வித்தியாசத்தின்மேல் விழ வேண்டும் அல்லவா. டவுனில் ஃபோட்டோஸ்டேட் கடையில் கறுப்பு வெள்ளையில்தான் அடிப்பீர்கள் என்றால் சாம்பல் நிறம் சரியாக வராது: லேசர் இயந்திரம் சாம்பலைப் புள்ளி புள்ளியாகத்தான் போடும், எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். அதற்குப் பதில் நான்கெழுத்தையும் உள்ளே வெறுமையாக, வெளிக்கோடு மட்டும் உள்ள எழுத்தாக மாற்றிக்கொள்ளுங்கள். சுத்தமாக வரும். வீட்டு இங்க்ஜெட்டில் அடித்தால் ஓர் இரவு காயவிட்டே லேமினேட் செய்ய வேண்டும். நம் ஊர் ஈரக்காற்றில் மை தொட்டால் காய்ந்ததுபோல் இருக்கும், உள்ளே ஈரம் நிற்கும். சூட்டு உருளைக்குள் போனதும் அந்த ஈரம் வெளியேற வழியில்லாமல் எழுத்தைச் சுற்றிப் பனி படர்ந்ததுபோல் வெள்ளையாகிவிடும். அதற்குப் பிறகு மாற்று இல்லை, புதிதாக அடிப்பதுதான்.

வெட்டிய பிறகு லேமினேட், லேமினேட் செய்த பிறகு மறுபடி வெட்டு. இந்த வரிசை மாறக் கூடாது. முழுத் தாளாக லேமினேட் செய்துவிட்டு அட்டை அட்டையாக நறுக்கினால் வேலை சுலபம், ஆனால் ஒவ்வோர் அட்டையின் ஓரத்திலும் தாள் வெளியே தெரியும். அந்த ஓரம் வழியாக ஈரம் ஏறி, மழைக்காலம் வருவதற்குள் பிளாஸ்டிக் இரண்டாகப் பிரிந்து உள்ளே கரும்புள்ளி விழும். தனித்தனியாக வெட்டிய அட்டைகளை உறைக்குள் 6 மி.மீ. இடைவெளி விட்டு அடுக்கி, உருக்கி, பிறகு ஒவ்வொன்றின் நாலு பக்கமும் 3 மி.மீ. வெறும் பிளாஸ்டிக் நிற்கும்படி வெட்டினால் அதுவே முத்திரை.

உறையின் மூடிய பக்கம்தான் முதலில் இயந்திரத்துக்குள் போக வேண்டும். திறந்த பக்கம் முதலில் போனால் காற்று சிக்கிக் குமிழி விழும். சில சமயம் உறை உருளையைச் சுற்றிக்கொள்ளும். 125 மைக்ரான் உறை பிள்ளைகள் கைக்குத் தாங்கும். இயந்திரத்தில் 80-க்கான சூட்டில் அதைப் போட்டால் மங்கலாக வெளியே வரும். பயப்பட வேண்டாம், சூட்டைக் கூட்டி இன்னொரு தடவை விட்டால் தெளிந்துவிடும். 80 மைக்ரான் உறையை 125-க்கான சூட்டில் விட்டால்தான் அலை அலையாக நெளியும், அது நிமிராது. அட்டைகள் நகராமல் இருக்க, உறையை மேசையின் விளிம்புவரை தள்ளி நேராக இயந்திரத்துக்குள் நுழைத்துவிடுங்கள். தூக்கிச் சாய்த்தால் எட்டும் ஒரு மூலைக்கு ஓடிவிடும்.

வெட்டிய மூலைகள் கத்திமுனைபோல் இருக்கும். நகவெட்டியால் நான்கு மூலையையும் வளைத்துவிடுங்கள். 32 அட்டைக்கு 128 மூலை. அலுப்பான வேலைதான், விட்டுவிடக் கூடாது. ஆறு வயதுப் பிள்ளைகள் அட்டைக்காக ஒருவர்மேல் ஒருவர் விழும் இடம் அது.

பலகை

நடுவில் கூடு கூடாக இருக்கும் பிளாஸ்டிக் பலகை, தேர்தல் நேரத்தில் கம்பத்தில் கட்டுவார்களே, அது. 120 செ.மீ. அகலம், 90 செ.மீ. உயரம். எட்டு வரிசைக்கு ஆளுக்கு 15 செ.மீ. வெட்டி முடித்த அட்டையின் அகலம் 101 மி.மீ., தாராளமாக நிற்கும். உயரம் 71 மி.மீ.; போர்ட் வரிசையில் தலைப்போடு ஒன்பது அட்டை, இடைவெளியையும் சேர்த்து 72 செ.மீ. வரும். அதனால் வரிசைக்கு 75 செ.மீ. வெல்க்ரோ பட்டை, எட்டுக்கு 6 மீட்டர்.

சொரசொரப்பான பக்கம் பலகையில், மென்மையான பக்கம் அட்டையில். மாற்றி ஒட்டினால் அட்டை எல்லாம் பிள்ளைகளின் சட்டையிலும் பாவாடையிலும் ஒட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடும்.

பின்பசையுள்ள வெல்க்ரோ என்று நம்பி அப்படியே ஒட்டிவிடாதீர்கள். இந்தப் பலகை பாலிபுரோப்பிலீன். அதன் மேற்பரப்பில் பசை எதுவும் கெட்டியாகப் பிடிக்காது. அதோடு தகரக் கூரைக்குக் கீழே மத்தியான வெக்கையில் பசை இளகும். முதல் வாரம் நன்றாக இருக்கும். பிறகு ஒரு பிள்ளை அட்டையை இழுக்க, பட்டையே உரிந்து கையோடு வரும். பட்டையை ஒட்டியபின் 10 செ.மீ.-க்கு ஒரு தையலாகத் தங்கூசி நரம்பால் பலகையோடு தைத்துவிட வேண்டும். கோணி ஊசி சுலபமாக இறங்கும். முடிச்சைப் பின்பக்கம் போட்டு, நுனியை நெருப்புக்குச்சியால் லேசாக உருக்கிவிட்டால் அவிழாது. அட்டைப் பக்கம் அந்தத் தொல்லை இல்லை; லேமினேட் பிளாஸ்டிக்கைக் கொஞ்சம் ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு 2 செ.மீ. துண்டை அழுத்தி ஒட்டினால் பிடித்துக்கொள்ளும். பாம்புச் சட்டை அட்டைக்கு மட்டும் இரண்டு பக்கமும் துண்டு.

நரம்பு தேடி அலைய வேண்டியதில்லை, தூண்டில் சாமான் கடையில் இருக்கும்.

முதலில் ஒரு சக்கரம்

பலகையை நேரே பிள்ளைகள் முன் கொண்டுவந்து நிறுத்துவதற்கு முன்னால், ஒழுங்காக நடந்துகொள்ளும் எழுத்துக் கூட்டம் ஒன்றைக் காட்ட வேண்டும். அப்போதுதான் ஒழுங்கு மீறுவது எது என்று புரியும். ஐ, ஜி, எச், டி என்று முடியும் சொற்கள் அதற்குச் சரியானவை. லைட், நைட், ரைட், ஃபைட், சைட், மைட், டைட், பிரைட், ஃபிளைட், ஃபிரைட், ஸ்லைட், கே எழுத்தில் தொடங்கும் போர்வீரன் நைட். பன்னிரண்டும் ஒரே ஒலி. இதற்குச் சொற்சக்கரம் பொருந்தும்: கீழ்த்தட்டு 9 செ.மீ. ஆரம், மேல்தட்டு 8 செ.மீ. மேல்தட்டில் இடப்பக்கம், மையத்திலிருந்து 4.5 செ.மீ. தள்ளி 2.5 செ.மீ. அகலம், 1.5 செ.மீ. உயரத்துக்கு ஜன்னல். ஜன்னலுக்கு வலப்பக்கம் பொது எழுத்து நான்கும். நடுவில் பித்தளைக் கவ்வாணி. இரும்பில் வாங்கினால் துரு இறங்கி அட்டையில் வட்டமாகக் கறை பிடிக்கும்.

கீழ்த்தட்டில் முதலெழுத்துகளை முன்கூட்டியே எழுதாதீர்கள். சக்கரத்தைப் பூட்டிவிட்டு, 30 பாகை திருப்பித் திருப்பி ஜன்னல் வழியாகவே எழுதுங்கள். தனியாக எழுதினால் பாதி எழுத்து ஜன்னலில் சாய்ந்தோ தலைகீழாகவோ வரும். இ எழுத்தை முதலெழுத்தாகச் சேர்க்கவே கூடாது: உடனே எட்டு என்ற எய்ட் ஆகிவிடும், ஒலி கெட்டுவிடும்.

இதே சக்கரத்தை நம் நான்கெழுத்துக்குச் செய்யலாமே என்று கேட்பார்கள். கூடாது. சக்கரம் சொல்லித்தருவதே 'முதலெழுத்தை மாற்று, மீதியை அப்படியே சொல்' என்பதைத்தான். காஃப் தெரிந்த பிள்ளை சக்கரத்தைத் திருப்பி மாவையும் டாஃப் என்றே சொல்லிப் பழகிவிடும். சாதனம் நன்றாக வேலை செய்யும், தப்பான பாடத்தை.

வகுப்பில் இறக்கும் வரிசை

24-ஐயும் ஒரே நாளில் கொட்டினால் எதுவும் நிற்காது. முதலில் போர்ட் வரிசை, அதிலும் இறந்தகால ஐந்து: வாங்கு, கொண்டுவா, நினை, சண்டையிடு, தேடு. இவற்றின் நிகழ்காலச் சொற்களைத் தனித் துண்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். வாங்கினேனும் கொண்டுவந்தேனும் எப்போதும் இடம்மாறும். பிரிங்கில் ஆர் உண்டு, பிராட்டிலும் ஆர் உண்டு. பை என்ற வாங்குவதில் ஆர் இல்லை, பாட்டிலும் இல்லை. விரலால் தொட்டுக் காட்டினால் போதும்.

அங்கேயே இன்னொரு குழப்பமும் வரும். பிடித்தேன், கற்பித்தேன் என்ற காட், டாட் இரண்டும் அதே ஒலிதான், ஆனால் அவற்றில் ஓ-வுக்குப் பதில் ஏ. கேட்ச் என்பதிலும் டீச் என்பதிலும் ஏ எழுத்து இருக்கிறது, இறந்தகாலத்திலும் அது கூடவே வருகிறது. மேலே சொன்ன ஐந்தின் நிகழ்காலத்திலும் ஏ கிடையாது, ஆகவே இறந்தகாலத்தில் ஓ. வரலாற்றுச் சட்டம் என்று இதைச் சொல்ல முடியாது, ஆனால் இந்த ஏழு சொற்களுக்கும் தவறாமல் பொருந்தும் பிடிமானம்.

அடுத்து அஃப், அதன் பின் ஒஃப், பிறகு ஓ, அவ். த்ரூ, தரா இரண்டும் கடைசி. தோ, த்ரூ, தரா, தாட் நான்கும் ஒரே நாளில் மேசைமேல் இருக்கவே கூடாது. எழுத்தில் நூலிழை வித்தியாசம். ஒவ்வொன்றும் தனித்தனியாக ஊறிய பிறகு, கடைசி வகுப்பில்தான் நான்கையும் பக்கத்தில் பக்கத்தில் வைப்பது.

தோ-வுக்கும் தாட்டுக்கும் தொடக்க ஒலி ஒன்றல்ல. 'அது' என்று இயல்பாகச் சொல்லும்போது து-வில் வரும் மெல்லொலிதான் தோ-வின் தொடக்கம். நம் வாயிலேயே இருக்கிறது, தேடிப் போக வேண்டாம். தாட்டுக்கும் த்ரூவுக்கும் குரல் கலக்காமல் பல்லிடுக்கில் காற்றை மட்டும் விட வேண்டும். நம் ஊர் ஆங்கிலப் பேச்சில் ஊடாக என்பதும் உண்மை என்பதும் 'ட்ரூ' என்று ஒன்றாகிவிட்டன. பலகையில் உச்சரிப்பைச் சரிசெய்யாமல் எழுத்தை மட்டும் சொல்லிக்கொடுத்தால் சொல்வதெழுதலில் பிள்ளை இரண்டையும் மாற்றித்தான் எழுதும், அதன் காதைக் குறைசொல்ல முடியாது.

பிள்ளை அட்டையை எடுத்து, முதலில் சத்தமாகச் சொல்லி, அப்புறம் தலைப்பைச் சொல்லி, பிறகே ஒட்ட வேண்டும். டோ, கோ. ரஃப், பஃப். சொல்லாமல் ஒட்டினால் கணக்கில் இல்லை. பக்கத்துப் பிள்ளை ஒட்டிய இடத்தைப் பார்த்து ஒட்டும் வழக்கம் இதனால் நின்றுவிடும்.

மத்தியான மழை பிடித்துக்கொண்டால் ஒலி வேலையை நிறுத்திவிடுங்கள். தகரக் கூரையில் மழை இறங்கும்போது ஃப் ஒலிதான் முதலில் காணாமல் போகும். காஃப் வெறும் கா ஆகிவிடும், டஃப் ட-வோடு நின்றுவிடும். அந்த நேரத்துக்கு நிகழ்கால இறந்தகாலத் துண்டுகளை ஜோடி சேர்க்கும் வேலை கொடுங்கள், வாய் திறக்க வேண்டியதில்லை.

"டீச்சர், சொல்லவே இல்லன்னா ஜி எச் எதுக்கு இருக்கு?"

இந்தக் கேள்வி வராத வகுப்பு இல்லை, மழுப்பக் கூடாது. பழைய ஆங்கிலத்தில் அந்த இடத்தில் தொண்டையை உரசும் ஓர் ஒலி நிஜமாகவே இருந்தது. ஆங்கிலத்தின் உறவுமொழியான ஜெர்மன் அதை இன்றும் வைத்திருக்கிறது: நினைத்தேன், கொண்டுவந்தேன் என்பதற்கு அங்கே சொல்லும் டாக்டெ, பிராக்டெ இரண்டிலும் நடுவே அந்த உரசல் கேட்கும். ஆங்கில எழுத்தர்கள் அதற்கு ஜி-யும் எச்-சும் சேர்த்து எழுதினார்கள். இங்கிலாந்துக்கு அச்சுக்கலையைக் கொண்டுவந்த காக்ஸ்டன் 1476-இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் வைத்தார். அச்சு பரவப் பரவ எழுத்து உறைந்தது, பேச்சு உறையவில்லை. உரசல் சில சொற்களில் ஃப் ஆனது, சிலவற்றில் ஓசையே இல்லாமல் போனது, அதற்கு முன்னிருந்த உயிரும் இடத்துக்கு ஓர் உருவம் எடுத்தது. எட்டு வரிசை வந்தது அப்படித்தான். த்ரூவும் தராவும் ஒரு காலத்தில் ஒரே சொல் என்பதையும் சொல்லுங்கள். முழுமையாக என்றால் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஊடாக என்றுதானே பொருள்.

விக்கல் மட்டும் இந்த வம்சம் இல்லை. அதன் பழைய எழுத்து யூ-பி என்றே முடியும், ஒலிக்கிறபடி. இருமலோடு தொடர்புள்ளது என்று தப்பாக நினைத்து இந்த நான்கெழுத்தைப் பின்னால் ஒட்டினார்கள். இரண்டு எழுத்தும் அகராதியில் உண்டு, பிள்ளைகள் பழைய எழுத்தையே எழுதலாம். அமெரிக்காவில் ஏர் என்ற சொல்லைச் சுருக்கி ஓ-டபிள்யூ என்று முடித்துவிட்டார்கள். நோவா வெப்ஸ்டரின் 1828 அகராதிக்கு அதில் பெரிய பங்கு உண்டு. இணையத்தில் பார்த்துவிட்டுப் பிள்ளைகள் அப்படி எழுதினால், தப்பு என்று அடிக்காமல், நம் தேர்வுக்கு எது வேண்டும் என்று சொல்லிக்கொடுங்கள்.

பராமரிப்பும் அடுத்த கட்டமும்

அட்டைகளைப் பிஸ்கட் டின்னில், மருந்துப் புட்டியில் வரும் ஈரமுறிஞ்சிப் பொட்டலம் இரண்டோடு போட்டு வையுங்கள். ஒவ்வோர் அட்டையின் பின்னாலும் 1 முதல் 32 வரை எண் இருக்கட்டும்; இரண்டு முகமுள்ள அட்டைக்கு மட்டும் எண் ஓரத்தில். வகுப்பு முடிந்ததும் எண் வரிசையில் அடுக்கினால் எது காணோம் என்று உடனே தெரியும். அதிகம் தொலைவது த்ரூ. வரிசையில் தனியாக நிற்பதால் எடுத்துக் கையில் வைத்துக்கொண்டே போய்விடுகிறார்கள். அதில் இரண்டு படி எடுத்து வைப்பது நல்லது.

வெல்க்ரோவின் சொரசொரப்புக்குள் பஞ்சும் முடியும் அடைத்துக்கொள்ளும்; பழைய பல்துலக்கியால் அவ்வப்போது தேய்த்தால் பிடிப்பு திரும்பும்.

இதே பலகையில் ஏ, யூ, ஜி, எச் கூட்டத்தையும் ஏற்றலாம். மகள், குறும்பு, பிடித்தேன், கற்பித்தேன் எல்லாம் போர்ட் வரிசையிலேயே உட்காரும். சிரிப்பு என்ற லாஃப், காற்றோட்டத்தைக் குறிக்கும் டிராஃப்ட் இரண்டுக்கும் மட்டும் புதிய தலைப்பு வேண்டும்: பாதி என்ற ஹாஃப். விக்கலை எடுத்துவிட்டு அந்த இடத்தில் அதை ஒட்டிக்கொள்ளுங்கள்.